கல்லச்சுக் காதலர்

திங்கட்கிழமை காலை பாஹிமா மசூதின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவள் கையில் குடை இருந்தது. அதை விரிக்காமலேயே நனைந்து வந்திருந்தாள். ஆனி மாதத்துச் சாரல், தென்காசித் தெருக்களின் மேல் மூன்று நாளாக விடாமல் தூவிக்கொண்டிருந்தது.

"அண்ணே, சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் மேல எஃப்.ஐ.ஆர். போடப் போறாவ," என்றாள். "திருட்டுக் கேசு."

மசூது நாற்காலியைக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. சார்ஜாவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடம் எரிந்த கடைகளையும் காணாமல் போன சரக்குகளையும் விசாரித்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருப்பது அவர் வழக்கம். அந்தக் கொஞ்ச நேரத்தில் பலர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாத ஆள் ஒருவர் அந்த வீட்டில் எப்போதும் உட்கார்ந்திருப்பார். ஆட்டோக்காரர் பலவேசம். ஐம்பது வயதாகியும், துப்பு என்ற சொல்லைக் கேட்டால் சவாரியை விட்டுவிடுவார்.

"யாரு தாயி போடப் போறது? என்னத்தக் களவாண்டேன்னு சொல்லுதாவ?" என்று அவர்தான் கேட்டார்.

பாஹிமா கூலக்கடை பஜாரில் பிரேம் கடை வைத்திருப்பவள். கணவன் சவூதியில், தம்மாமில். கணவனின் தம்பி ஆசிப் அங்கிருந்து திரும்பி வந்து, வேறு வேலை அமையும்வரை கடையில் உதவிக்கொண்டிருந்தான். அவனும் கூட வந்திருந்தான். உள்ளே வராமல் வாசல் தூணில் சாய்ந்து நின்றான்.

"மூணு வாரத்துக்கு முன்ன குத்தாலத்துலருந்து சங்கரேஸ்வரி அம்மா ஒரு படம் கொண்டாந்து குடுத்தாவ," என்றாள் பாஹிமா. "இலஞ்சில ஆறுமுகநயினார்னு ஓவியர் இருந்தாரு இல்லியா, போன வருசம் தவறிட்டாரு. அவரு மக அறைய ஒதுங்க வைக்கயில கெடைச்சுதுன்னு அம்மா பேருக்குத் தபால்ல அனுப்பியிருக்கு. கல்லச்சுப் படம். கல்லு மேல மெழுகுக் கட்டியால வரைஞ்சு, மை உருட்டி, தாள வச்சு அமுக்கி எடுக்கது. மொத்தமே பன்னெண்டு தாள்தான் எடுத்தாராம். இது நாலாவது. பிரேம் போட்டு அனுப்பினேன். அம்மா நேத்துப் பிரிச்சா, பிரேம் இருக்கு, கண்ணாடி இருக்கு, உள்ள வெறும் வெள்ள அட்ட."

"அந்தம்மா வீட்டுக்காரர் யாரு?" என்றார் மசூது.

"ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் குற்றாலீஸ்வரன்."

பலவேசம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்த மனுசனா! சும்மாவே வெறி நாய் மாதிரி விழுவாரே."

"நேத்து மத்தியானம் பஜார்ல நின்னு கத்துனாரு அண்ணே. களவாணிச் சிறுக்கின்னாரு. நான் வாயத் திறக்குமுன்ன ஷட்டர எறக்க வச்சுட்டாரு. கட்டட ஓனர் ராத்திரியே போன் போட்டு, கேசுன்னு வந்தா காலி பண்ணிரும்மான்னுட்டாரு. ஏழு வருசக் கடை. கல்யாணப் படம், மௌத்தானவுக படம், வீட்டுல ஒரே ஒரு பிரதியா இருக்கதத்தான் என்ட்ட கொண்டாந்து குடுக்காவ. களவாணின்னு பேரு விழுந்துட்டா இனிமே எவ குடுப்பா?"

மசூது சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "படம் எப்படி இருக்கும்?" என்றார்.

பாஹிமா போனை எடுத்தாள். எந்தப் படம் வந்தாலும் வேலையைத் தொடங்குமுன் ஒரு போட்டோ எடுத்து வைப்பது அவள் பழக்கம்.

கறுப்பு மையில் அச்சான படம். நெடுங்கோடுகளாக அருவி விழுகிறது. ஈரப் பாறையில் ஒரு இளம்பெண் நிற்கிறாள். தன் வலத் தோளிலிருந்து முந்தானையை இறக்கி, எதிரே குனிந்து நிற்பவனின் தலையைத் துவட்டுகிறாள். அவன் முகம் முழுக்க முந்தானைக்குள் இருக்கிறது. வெற்று மார்பு, நனைந்த வேட்டி, அதன் கரை அவனது இடது தொடையின் மேல் ஒட்டி இறங்குகிறது. பெண்ணின் வலது கன்னத்தில் ஒரு மச்சம். அடியில் பென்சிலால் "4/12", "அவனும் அவளும்", "நயினார், ஜூலை 84" என்று எழுதியிருந்தது. எல்லாக் கோடுகளும் கறாராக இருந்தன. அந்தப் பெண்ணின் விரல்களில் மட்டும் ஓவியன் கை நடுங்கியதுபோல ஒரு மென்மை.

பலவேசம் போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, வெவகாரம் புரிஞ்சு போச்சு. பொட்டு வச்சிருக்கு, பொண்ணு எங்காளு. பையன் ஒங்காளு. வேட்டியப் பாருங்க, இடப்பக்கம். இந்தச் சீமையில எங்காளுக வலப்பக்கம் கட்டுவான், ஒங்காளுக இடப்பக்கம். குடிச்சுட்டு விழுந்து கெடந்தாக்கூட அது மாறாது. இந்தப் படம் சுவத்துல தொங்கக்கூடாதுன்னு எவனோ வெறி பிடிச்சவன் எடுத்திருக்கான்."

மசூது தான் கட்டியிருந்த சாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இடப்பக்கம்தான். "இந்த போட்டோவ யாருக்கெல்லாம் காட்டுன?" என்று பாஹிமாவிடம் கேட்டார்.

"ஒங்க ரெண்டு பேருக்குந்தான். கேட்டாத்தான காட்ட?"

"பின்பக்கம் எதால ஒட்டுவ?"

"மூடுகதுக்குக் காக்கித் தாளு. பசை நானே காய்ச்சுகது. மைதாவுல மயில்துத்தம் கலந்து. சாரல் ஊரு இல்லியா, துத்தம் போடாட்டா ஒரு வாரத்துல பூசணம் பூத்துப் போவும்."

மசூது வாசலைப் பார்த்தார். "ஆசிப், நீதான கொண்டு போன?"

"ஆமா மாமா. போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழம. அம்மா வீட்டுல இல்ல. சுவாதி நட்சத்திரம்னு கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போயிருந்தாவ. சாருதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாரு."

"எத்தன மணிக்குக் கெளம்பின?"

"பதினொண்ணு."

"குடுத்தது?"

"ஒண்ணு."

"குத்தாலம் இங்கன இருக்கு. ரெண்டு மணி நேரமா?"

"டயர் பஞ்சர், மாமா."

மசூது அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூவானம் ஓட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஆசிப் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றான்.

"ஐந்தருவில தண்ணி நல்லா விழுந்துச்சு," என்றான் கடைசியில். "எண்ணெய் தேச்சு விடுற அண்ணாச்சி கடையில படத்தக் குடுத்துட்டுக் குளிச்சேன்."

"நாசமாப் போறவனே!" பாஹிமா எழுந்துவிட்டாள். "நான் ஜெயிலுக்குப் போகப் பாக்கேன், ஒனக்கு அருவிக் குளிப்பா? இத எங்கிட்டச் சொல்ல ஒனக்குப் பதினோரு நாள் பத்தலையா?"

"இவன்தான் அண்ணாச்சி!" என்றார் பலவேசம். "ரெண்டு மணி நேரம்! படத்த உருவி..."

"வண்டிய எடும்," என்றார் மசூது.

*

ஐந்தருவிக்குப் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. முதலில் அதைத் தாண்டி அருவிவரை போய், எண்ணெய்க் கடையில் மசூது இரண்டு வார்த்தை பேசினார். கட்டு கட்டியபடியே பலகையின் மேல் இருந்தது, ஒருவரும் தொடவில்லை என்றார் கடைக்காரர்.

குற்றாலீஸ்வரன் வாசலிலேயே நின்றார். அறுபத்தைந்து வயது, இன்னும் லத்தி பிடித்திருப்பதுபோல ஒரு கை பின்னால் இருந்தது.

"என்ன பாய், வக்காலத்தா?"

"படம் இருந்த பிரேமப் பாத்துட்டுப் போயிருவேன் சார்."

"பாத்து? அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல தெரியும் எல்லாம். என் முன்னால சல்யூட் அடிச்சு நின்ன பயதான் இப்ப அங்க எஸ்.ஐ. ஒங்காளு நிக்கிற படத்த ஒங்காளே எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டா. இதுக்கு விசாரணை வேற, ஒமக்கு ஒரு எடுபிடி வேற."

பலவேசத்துக்கு முகம் சிவந்தது. "களவுல என்ன சார் ஒங்காளு எங்காளு? நானும் ஒங்காளுதான். எனக்கே காது கூசுது."

அந்தச் சொல்லுக்கு மசூது கோபப்படாதது பலவேசத்துக்கு எரிச்சலாக இருந்தது. மசூது, "நீங்க படத்தப் பாத்தியளா சார்?" என்றார்.

"எங்கன பாக்க? தபால் அவ பேருக்கு வந்துச்சு. நேரா கடைக்குக் கொண்டு போயிட்டா. திரும்பி வந்தது கட்டா வந்துச்சு. கல்யாண நாளுக்குத்தான் பிரிக்கணும்னா. பீரோ மேல தூக்கி வச்சேன். நேத்துப் பிரிச்சா வெறும் அட்ட. போதுமா?"

உள்ளே சங்கரேஸ்வரி அம்மாள் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இடது கன்னத்தில் மச்சம், அதைச் சுற்றிச் சுருக்கங்கள். கணவர் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிப் பல நாளாகியிருக்கும் என்று பலவேசத்துக்கே தோன்றியது.

பிரேம் மேசை மேல் கிடந்தது. மசூது அதைக் கவிழ்த்தார். காக்கித் தாள் விறைப்பாக ஒட்டியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் அடிப்பக்கத்திலும் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் வரிசையாகப் பூத்திருந்தது. மேல் ஓரம் சுத்தமாக இருந்தது. தாளின் விளிம்பில் லேசான நீலம் தெரிந்தது.

"குத்தாலத்துல பூசணம் பிடிக்காத பொருளு ஏது?" என்றார் பலவேசம், பேச்சைத் தொடங்கிவைக்கும் நோக்கத்தில்.

மசூது அம்மாளிடம் போனார். "படத்தப் பத்தி சாருட்ட என்னம்மா சொன்னிய?"

"நயினார் அண்ணன் போட்ட படம், கூடத்துல மாட்டணும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"படத்துல இருக்கது யாருன்னு?"

அவர் உதடு அசைந்தது. கணவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழம அவரே பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்னு நெனச்சேன். இனிமே சொல்லி என்ன ஆகப் போவுது?"

"கீழப்பாவூர் போன அன்னைக்கு வீட்டுல வேற யாரும் இருந்தாவளா?"

"யாரு இருக்கா? அவரு மட்டுந்தான். சாயங்காலம் வந்து பாக்கும்போது கட்டு பீரோ மேல இருந்துச்சு."

மசூது வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். பலவேசம் ஒரு டீயைக் குடித்து, இன்னொரு டீயையும் குடித்துவிட்டு, "அந்த அம்மாதான் அண்ணாச்சி," என்றார். "வாயில பூட்டுப் போட்டிருக்கு பாத்தியளா? எதையோ மறைக்கி."

"மறைக்கத்தான் செய்யிது. நாலு மணிக்குப் பாஹிமாவையும் ஆசிபையும் இங்கன கூட்டிட்டு வாரும்."

*

நான்கு பேரும் உள்ளே வந்தபோது குற்றாலீஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாஹிமாவைப் பார்த்து, "செருப்ப அங்கனயே விடு," என்றார். அவள் ஏற்கெனவே விட்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் இருக்கு," என்றார் மசூது. "எனக்குப் பத்து நிமிசம் போதும்." பிரேமை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி கவிழ்த்துப் பிடித்தார். "பாஹிமா தன் பசையில துத்தம் கலக்கா. என் வீட்டுல அவ போட்ட படம் ரெண்டு இருக்கு. போன வருசச் சாரலையும் பாத்தாச்சு, ஒரு பொட்டுப் பூசணம் கெடையாது. இதுலயும் மேல் ஓரத்துல கெடையாது. துத்தத்தோட நீலம் இன்னும் தெரியுது. மத்த மூணு ஓரமும் பூத்திருக்கு. அது வெறும் மாவுப் பசை. கடையிலருந்து போன பெறகு யாரோ ஈரம் காட்டி மூணு பக்கம் தாள எழுப்பி, அட்டைய எடுத்து, படத்த உருவிட்டு, மறுபடி ஒட்டியிருக்காவ."

"பூசணத்த வச்சுக் கேசு நடத்துதீரா வேய்?" என்றார் குற்றாலீஸ்வரன். "அந்தப் பய ரெண்டு மணி நேரம் எங்கன போனான்னு கேளும்."

"குளிச்சான். எண்ணெய்க் கடைக்காரர் சொல்லுதாரு, கட்ட யாரும் அவுக்கல. அருவிக்கரையில மாவு காய்ச்ச அடுப்பும் இல்ல. சாரல்ல ஒட்டின தாள் விறைப்பாக் காய அரை நாள் வேணும். அப்படி அரை நாள் இருந்த எடம் இந்த வீடுதான்."

பலவேசம் சங்கரேஸ்வரி அம்மாளைப் பார்த்தார். அதைக் கவனித்த மசூது தலையசைத்தார்.

"அம்மாவுக்கு எடுக்கணும்னா கடைக்கே கொண்டு போயிருக்க வேண்டாம். தபால் அவுக பேருக்கு வந்தது. பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டியிருந்தா அப்படி ஒரு படம் வந்ததே ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப நான் எடுத்தேங்கீரு."

"நான் சொல்லல சார். காலையில நீங்கதான் சொன்னிய."

"என்ன சொன்னேன்?"

"ஒங்காளு நிக்கிற படம்னு."

குற்றாலீஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வெறும் வசவுன்னு பலவேசம் நெனச்சாரு. நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்," என்றார் மசூது. "வரைஞ்ச நயினார் எங்காளு இல்ல. படத்துல இருக்க பொண்ணும் எங்காளு இல்ல, பொட்டு வச்சிருக்கு. அந்த ஆளோட முகம் முந்தானைக்குள்ள மறைஞ்சிருக்கு. அவன முஸ்லிம்னு நெனைக்க ஒரே ஒரு காரணந்தான் உண்டு, வேட்டிய இடப்பக்கம் கட்டியிருக்கான். பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். பாஹிமா போட்டோவ ஒங்களுக்குக் காட்டல. அம்மா நயினார் படம்னு மட்டுந்தான் சொல்லியிருக்காவ. நேத்துப் பிரிச்சப்ப வெறும் அட்ட. அந்த வேட்டிய நீங்க எங்கன சார் பாத்திய?"

மேற்கே அருவியின் இரைச்சல், காற்று திரும்பும்போது பெருகியும் குறைந்தும் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நீளமான மௌனத்தில் பலவேசம்கூட வாயைத் திறக்கத் துணியவில்லை.

குற்றாலீஸ்வரன் மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் கீழே இறங்கியிருந்தது. காலையில் கத்தியதைவிட அது மோசமாக இருந்தது.

"ஆமா, பாத்தேன். ஜூலை எண்பத்தி நாலு. ஜூன் மாசமே எனக்கு வாக்குக் குடுத்தவ நீ. ஒங்க அப்பன எதுத்து, என் சொந்தக்காரன் எல்லாரையும் எதுத்து ஒன்னக் கட்டினேன். ஜூலையில முந்தானைய அவுத்து எந்தத் துலுக்கன் தலையத் துவட்டிக்கிட்டு நின்ன? அத சட்டம் போட்டு என் கூடத்துல மாட்டி, நான் தெனம் பாக்கணுமோ? பிரேம் போட்டவ பாத்திருப்பா. பஜாரே பாத்துச் சிரிச்சிருக்கும்."

"அதுக்கு என்னக் களவாணியாக்குனியளா?" என்றாள் பாஹிமா.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. சங்கரேஸ்வரி அம்மாள் மட்டும் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அழுகை இல்லை. இதுவரை பார்த்திராத ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் கணவரைப் பார்த்தார்.

"படம் எங்க சார்?" என்றார் மசூது.

"கிழிச்சு ஆத்துல விட்டாச்சு."

"இருக்காது. முப்பது வருசத்துக்கு மேல சாட்சிப் பொருளக் கட்டிக் கட்டி வச்ச கை. ஒங்களால அத அழிக்க முடியாது."

சங்கரேஸ்வரி அம்மாள் கணவரின் முன்னால் போய்க் கையை நீட்டினார். அவர் அசையவில்லை. அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. கடைசியில் அவர் இடுப்புக் கயிற்றிலிருந்து பீரோச் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

பீரோவின் அடித்தட்டில், பழைய பைல்களுக்குக் கீழே ஒரு காக்கி உறை இருந்தது. அதன் மேல் தேதியும் நேரமும் கைப்பற்றிய இடமும் அவர் கையெழுத்தில் ஒழுங்காக எழுதியிருந்தன. வழக்கு எண்ணுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

மசூது படத்தை வெளியே எடுத்தார். "சார், ரப்பர் ஸ்டாம்பு எத்தன குத்தியிருப்பிய. ஸ்டாம்புல எழுத்து எப்படி இருக்கும்?"

"வலம் இடமா மாறி இருக்கும். எதுக்கு?"

"இந்தக் கல்லும் அதே மாதிரிதான். கல்லுல வலப்பக்கம் வரைஞ்சது தாள்ல இடப்பக்கம் விழும். தெரிஞ்ச ஓவியர்கள் சில பேர் கல்லுலயே மாத்தி வரைவாவ. நயினார் அப்படிச் செய்யல. கண்ணால பாத்தத அப்படியே கல்லுல எறக்கிட்டாரு. பென்சில் எழுத்து மட்டும் பெறகு தாள் மேல எழுதினது, அதான் நேரா இருக்கு." அவர் படத்தைக் குற்றாலீஸ்வரன் பக்கம் திருப்பினார். "வேட்டியப் பாத்த நீங்க முந்தானையப் பாக்கலையே சார். நம்ம ஊர்ல எந்தப் பொம்பள வலத் தோளுல முந்தானை போடுதா? அம்மாவோட மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு? படத்துல எந்தக் கன்னத்துல இருக்கு?"

குற்றாலீஸ்வரன் மனைவியின் இடது கன்னத்தைப் பார்த்தார். நாற்பது வருடமாக எதிரே இருந்த கன்னம்.

பீரோக் கதவில் நீளக் கண்ணாடி பதித்திருந்தது. மசூது படத்தை அதற்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் மச்சம் இடது கன்னத்துக்கு வந்தது. முந்தானை இடது தோளிலிருந்து இறங்கியது. குனிந்து நின்றவனின் வேட்டிக் கரை வலது தொடையில் ஒட்டிக்கொண்டது.

"ஒங்களுக்குக் காய்ச்சல்," என்றார் சங்கரேஸ்வரி அம்மாள். கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார். "சீசன் பந்தோபஸ்துல மூணு நாளு நனைஞ்சுக்கிட்டே நின்னிய. டூட்டி முடிஞ்சு யூனிபாரத்தக் கழட்டிட்டு, இரவல் வேட்டியக் கட்டிக்கிட்டு வந்திய. ஒரு துண்டு கெடையாது. தலையக் குனிஞ்சு குடுத்திய. எதுத்த பாறையில நயினார் அண்ணன் வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. ஒங்க மூஞ்சி முந்தானைக்குள்ள இருந்துச்சு, ஒங்களுக்குத் தெரியாது."

குற்றாலீஸ்வரன் கண்ணாடிக்கு அருகே போனார். அவர் மூச்சு பட்டு அது மங்கியது. கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஈஸ்வரி," என்றார்.

"பதினோரு நாளு நான் ஆக்கிப் போட்டதச் சாப்பிட்டிய. எதுக்க உக்காந்து சாப்பிட்டிய. யாரு இவன்னு ஒரு வார்த்த கேக்கல. கேக்காமலே எனக்குத் தீர்ப்பு எழுதியாச்சு."

"அந்த வேட்டி..."

"எனக்கு வேட்டி எந்தப் பக்கம்னெல்லாம் தெரியல. ஒங்களத் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஆசிப் தரையைப் பார்த்தான். பலவேசம் கண்ணைத் துடைப்பதை மறைக்க மூக்கைச் சிந்தினார். பாஹிமாதான் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

"இதெல்லாம் ஒங்க வீட்டு வெவகாரம்," என்றாள். "என் கேசு என்னாச்சு?"

குற்றாலீஸ்வரன் மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பழகிய கை, யோசிக்காமல் எழுதியது. எழுதியதை அவளிடம் தள்ளினார். மேற்படி படம் வீட்டிலேயே கிடைத்துவிட்டபடியால் புகாரைத் திரும்பப் பெறுவதாக அதில் இருந்தது.

பாஹிமா படித்தாள். தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"தானாக் கெடைக்கல சார்."

"கேசு இல்லன்னு ஆயிருச்சுல்லா? வேற என்ன வேணும்?"

"பஜார்ல நின்னு களவாணின்னு சொன்னிய. இப்ப இத எழுதிக் குடுத்தா, பெரிய மனசு பண்ணி விட்டுட்டாருன்னுதான் பேசுவாவ. நான் எடுக்கல. எடுத்தது யாருன்னு எழுதுங்க."

"ஏய், யாருட்டப் பேசுதன்னு தெரியுதா?" அவர் குரல் ஒரு கணம் காலையிலிருந்த இடத்துக்கே போயிற்று. "வந்ததுக்கு இதுவே அதிகம். தூக்கிட்டுப் போ."

மசூது நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். எத்தனை நேரமானாலும் அங்கேயே இருக்கத் தயாராக வந்தவர்போல் இருந்தது அவர் உட்கார்ந்த விதம்.

குற்றாலீஸ்வரன் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"எழுதுங்க," என்றார் சங்கரேஸ்வரி அம்மாள்.

அவர் இன்னொரு தாளை எடுத்தார். இந்த முறை கை வேகமாக ஓடவில்லை. 'நான்' என்று எழுதிவிட்டு வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினார்: கட்டைப் பிரித்ததும் படத்தை எடுத்ததும் மறுபடி ஒட்டியதும் நான்தான், பாஹிமாவுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை, அவர் மேல் நான் கொடுத்த புகார் பொய். அடியில் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில், அதற்குக் கீழே இடப்பக்கமாக 'சாட்சி' என்று எழுதி ஒரு கோடும் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் அதைக் கவனித்தார்.

மசூது பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"நீங்க வேண்டாம் அண்ணாச்சி," என்றார் சங்கரேஸ்வரி அம்மாள்.

அவர் வந்து மேசையருகே குனிந்தார். கணவரின் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தக் கோட்டின் மேல் தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டு, தாளை மடிக்காமல் பாஹிமாவிடம் கொடுத்தார்.

"நேரா ஸ்டேஷனுக்குப் போகாத. மொதல்ல பஜார்ல நின்னு எல்லாருக்கும் கேக்க வாசி. பெறகு கொண்டு போய்க் குடு."